மேசை எடுக்குமுன்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். உன் சுகம் பெரியம்மா சொல்லித்தான் தெரியும். மே மாதம் வந்து ஓகஸ்ட் முடியும்வரை நிற்கப் போகிறாய், உப்புவெளியில் அறை எடுக்கப் போகிறாய், வேலைக்கு ஒரு கோவேர்க்கிங் இடம், பலரும் மேசையை வாடகைக்கு எடுத்து வேலை செய்கிற இடம், தேடுகிறாய் என்பதும் அவ சொல்லித்தான் தெரியும். வீட்டில் இருந்து வேலை செய் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. டெலிபோன் லைன் வேலையில் 31 வருடம் இருந்தவள் சொல்கிறேன், பார்க்க வேண்டியதைப் பார்த்து எடு. மூன்று இடத்துக்கு நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மகளுக்கு என்று சொல்லவில்லை. தெரிந்த பிள்ளை ஒன்றுக்கு என்றேன்.

முதலில் நேரம். லண்டனில் உன் கம்பனி ஆட்களுக்குக் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்குப் பிற்பகல் 1.30. அவர்கள் 5.30க்கு எழும்பிப் போகும்போது இங்கே இரவு 10. நீ அதுவரை நின்றால், ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை மாற்றியபின் உனக்கு 2.30 முதல் 11 வரை. அதனால் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதை விடு, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று கேள். மத்திய வீதிக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடி இருக்கிறது. ஏசி, நல்ல கதிரை, லைன், எல்லாம் திறம். மாலை 6 மணிக்கு ஷட்டர் இறக்குகிறார்கள். உனக்கு அப்போதுதான் பாதி நாள். "பிந்தியும் இருக்கலாம்" என்றார் முதலாளி. அப்படியென்றால் திறப்பு யார் கையில், 6 மணிக்குப் பிறகு ஏசி ஓடுமா, கழிவறை திறந்திருக்குமா, வாசலில் ஆள் நிற்குமா என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

அடுத்தது வேகம். எல்லாரும் போனை நீட்டி "100 எம்பிபிஎஸ்" என்று காட்டுவார்கள். செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு அது. அது இறங்கும் (டவுன்லோட்) வேகம், அதுவும் கொழும்பில் இருக்கிற சேர்வரோடு, ஆளில்லாத காலை நேரத்தில். உன் முகமும் குரலும் போவது ஏறும் (அப்லோட்) வழியால். தெளிவான படத்துக்கு ஓர் ஆளுக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் ஏற வேண்டும். ஆறு பேர் ஒரே நேரத்தில் மீற்றிங்கில் இருக்கக்கூடிய இடத்தில் ஏறும் வேகம் 25க்குக் குறைந்தால் எடுக்காதே. வேகம் பார்க்கிற டெஸ்ட் போடும்போது சேர்வரை லண்டனுக்கு மாற்றிப் போடு. இரவு 8.30க்குப் போடு, ஊரெல்லாம் படம் பார்க்கிற நேரம் அது.

லண்டனுக்குப் பிங், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பி வருகிற நேரம், 150 மில்லிசெக்கனுக்கு மேல் காட்டும். அதற்குப் பயப்படாதே. அது கடலுக்கடியில் சுற்றிப் போகிற தூரம், யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி நாருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும். திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர், போய்வர 3 மில்லிசெக்கன்கூட எடுக்காது. நம்முடைய ஊர் தூரம், அதனால் லைன் மெதுவு என்று அங்கே யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்.

அந்த எண் ஆடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. அந்த ஆட்டத்துக்குப் பெயர் ஜிட்டர், அது 30க்கு மேல் போனால் குரல் உடையும். லப்டொப்பில் கூகிளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் போட்டு 600 தடவை ஓட விடு, பத்து நிமிடம் எடுக்கும். அதில் 6க்கு மேல் தொலைந்தால் எழும்பி வா. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே போனில் இருந்து ஒரு பெரிய வீடியோவை டிரைவுக்கு ஏற்று. 40இல் நின்ற எண் 400க்குப் பாய்ந்தால், பக்கத்து மேசையில் ஒருவர் படம் ஏற்றினாலே உன் மீற்றிங் போய்விடும். கூடக் காசு கட்டி வேகத்தைக் கூட்டினாலும் அது முழுக்கத் தீராது. ஒருவரே வழியை அடைக்காதபடி ரவுட்டரில் வரம்பு போட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறாரா என்று கேள். பக்கேஜ் ஜிபி கணக்கில் என்றால் அதையும் கேள். சீசனில் வெள்ளைக்காரர் வந்து நிறைந்தால் மாதம் முடியுமுன் ஜிபி முடியும், பிறகு லைன் நத்தை மாதிரி. வைஃபையை மட்டும் நம்பாமல் மேசைக்குக் கேபிள் தரச் சொல். பழைய வீடுகளின் தடித்த சுவருக்குள் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அடுத்த அறைக்கே வராது.

சுவரில் இருக்கிற பைபர் பெட்டியை, கண்ணாடி நார் வந்து சேர்கிற பெட்டியை, நீயே கிட்டப் போய்ப் பார். எங்கே இருக்கிறது, யாருடைய கைக்கு எட்டும் என்று பார். கம்பத்தில் இருந்து வரும் கறுப்பு வயரை அணில் கடித்திருக்கிறதா, குரங்கு தொங்கித் தொங்கித் தளர்ந்திருக்கிறதா என்று பார். உள்ளே வரும் மெல்லிய வயர் மேசைக்காலுக்குள் நசியக் கூடாது, 3 சென்ரிமீற்றர் ஆரைக்குக் குறைய வளையவும் கூடாது, வளைந்தால் ஒளி கசியும். பெட்டிக்குப் போகும் அந்த வயரின் பச்சைத் தலை டிக்கென்று முழுக்க உள்ளே இருக்க வேண்டும். லைன் வந்திருப்பதைக் காட்டுகிற பி.ஓ.என். விளக்கு ஆடாமல் பச்சையாக எரிய வேண்டும். எல்.ஓ.எஸ். விளக்கு எரியவே கூடாது. அது சிவந்து மின்னினால் ஒளி வரவில்லை. வெளியே நார் அறுந்தால் ஆள் வந்து ஒட்ட வேண்டும், ஒரு நாளோ இரண்டு நாளோ. பச்சைத் தலை கழன்றிருந்தால் அரை நிமிட வேலை.

கரண்ட். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இல்லாமல் இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதையும் மறந்திருக்க மாட்டாய். ஜெனரேற்றர் இருக்கிறது என்று காட்டுவார்கள். கரண்ட் போய் ஜெனரேற்றர் ஏற்றெடுக்க, தானாக மாறுகிற சுவிட்ச் இருந்தாலும் 10, 15 செக்கன் போகும். அந்த இடைவெளியில் ரவுட்டர் அணைந்தால் திரும்ப எழும்ப இரண்டு மூன்று நிமிடம். உன்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குள் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். ஆகவே பைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டுக்கும் தனி யூபிஎஸ் வேண்டும். அது இருந்தால் போதாது, பற்றரியில் ஒட்டியிருக்கிற திகதியைப் பார். நம் வெக்கையில் அந்த 12 வோல்ற் பற்றரி இரண்டு மூன்று வருடம்தான். மெயின் சுவிட்சை ஒருக்கால் நிறுத்திக் காட்டச் சொல். மாட்டேன் என்றால் காரணம் இருக்கிறது. கையால் இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற ஜெனரேற்றர் என்றால் இரவு 9 மணிக்கு யார் இழுப்பார் என்று கேள்.

எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் உனக்கென்று இரண்டாவது வழி வைத்திரு. பைபர் எந்தக் கம்பனியோ அந்தக் கம்பனியின் சிம்மை வாங்காதே. டவருக்குப் போகிற நாரும் வீட்டுக்கு வருகிற நாரும் ஒரே பாதையில் கிடக்கும், ஒன்று போனால் இரண்டும் போகும். வேறு கம்பனி சிம் ஒன்றைப் பழைய போனில் போட்டு, யூஎஸ்பி வயரால் லப்டொப்பில் இணைத்துப் பழகு. நீ இருக்கப் போகிற அதே கதிரையில் இருந்து சிக்னலைப் பார், வாசலில் நின்று பார்க்காதே. வீடியோ மீற்றிங் மணிக்கு 1 ஜிபிக்கு மேல் குடிக்கும், கணக்குப் பார்த்து டேட்டா போடு. கரண்ட் நீள நேரம் இல்லாவிட்டால் டவர் பற்றரியும் இறங்கும் என்பதையும் யோசி.

உப்புவெளிக் கடற்கரை இடத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பாய், ஓலைக்கூரை மேல்தட்டு, படத்தில் அழகாய் இருக்கிறது. கடல் கிழக்கே இருப்பதால் காலையில்தான் கண் கூசும், உன் வேலை மதியத்துக்குப் பிறகு, ஆகவே அது பிழையில்லை. பிழை வேறு. நீ வருகிற மாதங்களில் கச்சான் அடிக்கும். மதியத்தில் நெருப்புக் காற்று, மண்ணும் சேர்ந்து. திறந்த இடத்தில் லப்டொப் கொதித்து விசிறி கத்தும், வேகம் தானாகக் குறையும். கடற்காற்றில் உப்பும் இருக்கிறது. நான் போனபோது ஒரு மேசையில் லான் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். தலைக்குள் இருக்கிற எட்டு உலோகப் பல்லில் மூன்று பச்சை பிடித்திருந்தது. உன்னுடைய யூஎஸ்பி வாய்க்கும் நாலு மாதத்தில் அந்தக் கதிதான். ஆறு மணிக்குப் பிறகு கீழே பாட்டுப் போடுகிறார்கள், உன் பெரிய மீற்றிங் ஏழு மணிக்கு. மீற்றிங் பேச ஒரு பலகைக் கூடு வைத்திருக்கிறார்கள், காற்றுப் போக வழியில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் இருந்து பார்த்தேன், சட்டை நனைந்துவிட்டது.

இரவு திரும்பி வருவது. நிலாவெளி வீதியில் இருட்டில் மாடு படுத்திருக்கும், டவுனுக்குள் மான். தெரிந்த ஓட்டோ ஒன்றை மாதக் கணக்கில் பேசி வை, ஆப்பை நம்பி வீதியில் நிற்காதே. சாப்பாட்டையும் நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே புதினம் நிறைய இருக்கிறது. முன்வீட்டுச் சின்னவளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது, மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. அதெல்லாம் பிறகு. அந்தச் சிம்மை மட்டும் மறக்காதே. இரண்டாவது வழி இல்லாமல் ஒரு நாள்கூட வேலைக்கு இருக்காதே. உன் லைன் ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது.

இதை நான் திரும்பத் திரும்ப எழுதுவது ஏன் என்று உனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

2021 மார்கழி. உனக்கு மூன்றாவது இன்டர்வியூ, இரவு 9 மணிக்கு. நல்ல மழை. எல்.ஓ.எஸ். சிவந்தது. நீ ஹோலில் இருந்து கூப்பிட்டாய். நான் குசினிக்குள் இருந்தபடியே, "சந்தியில் நார் போயிருக்கும், மழைதானே, காலையில்தான் வருவார்கள்" என்றேன். நீ நம்பினாய். லைனைப் பற்றி நான் ஒன்று சொன்னால் இந்த வீட்டில் மறுபேச்சில்லை.

நார் போகவில்லை. பச்சைத் தலையை நான்தான் இழுத்தேன். மூன்று மில்லிமீற்றர், பார்த்தால் தெரியாத அளவு. எவ்வளவு இழுத்தால் ஒளி நிற்கும் என்று எனக்குத் தெரியாதா. அப்பாவின் ஆட்டத்திவசம் முடிந்து பத்து நாள், தம்பியும் போய்விட்டான், நீயும் லண்டனுக்குப் போய்விடுவாய் என்று பயந்தேன். பயந்தது உண்மை. அதற்காக அது சரியாகிவிடாது. நீ போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாய், அங்கேதான் இரண்டு கோடு வரும் என்று. மழைக்குள் நின்று "ஹலோ, கேக்குதா, ஹலோ" என்று நீ சொன்னதை நான் யன்னலுக்குள்ளால் கேட்டுக்கொண்டு நின்றேன். விடிய நீ எழும்புமுன் தலையைத் தள்ளிவிட்டேன். காலையில் "வந்து ஒட்டிவிட்டார்கள்" என்றும் சொன்னேன்.

அடுத்த கிழமை நீ அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, பச்சைத் தலையை விரலால் இழுத்துப் பார்த்து, சிவப்பு வந்ததும் தள்ளிவிட்டு எழும்பினாய். விறாந்தையில் இருந்து கண்டேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீ லப்டொப்பைக் கொண்டுவந்ததில்லை. நீயாகவே தேடி எடுத்த இந்த வேலையைப் பற்றி எல்லாருக்கும் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், நீ அதை எப்படிச் செய்கிறாய் என்று ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பிழை என்னுடையது, பிள்ளை. நேரே சொல்ல வாய் வரவில்லை.

இனி இடத்தைப் பற்றி. மூன்றாவது, நிலாவெளி வீதியில் ஒரு கெஸ்ட்ஹவுசின் பின்பக்கம், வீதியில் இருந்து நூறு யார் தூரம் உள்ளே. ஆறு மேசைதான். கடல் தெரியாது. இரவு 11 வரை ஆள் இருக்கிறார், அந்த வீட்டு அம்மாவும் அங்கேயேதான் குடியிருக்கிறா. பெட்டி பூட்டிய அலுமாரிக்குள், யூபிஎஸ் பற்றரி போன வருடத்தது, மெயினை நிறுத்திக் காட்டினார்கள், லைன் அசையவில்லை. இரவு 8.30க்கு லண்டன் சேர்வருக்கு ஏறும் வேகம் 31 வந்தது. மேசை 74 சென்ரிமீற்றர் உயரம், உனக்குச் சரி. கதிரை சரியில்லை, முதுகு சாயாது, கேட்டு மாற்ற வேண்டும். வைஃபை பாஸ்வேர்ட் சுவரில் ஒட்டியிருக்கிறது, எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை. கேபிளில் இருந்தாலும் மற்றவர் எட்டிப் பார்க்காதபடி லைனைப் பூட்டுகிற உன் கம்பனி விபிஎன் போட்டுத்தான் வேலை செய்.

மாதக்காசு முன்னால் கட்டாதே. முதல் மூன்று நாள் நாள்காசு கொடு, அதில் ஒரு நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும், அன்றைக்குத்தான் ஆள் கூட. பிறகு கிழமைக்கணக்கு. லைன் இல்லாத நாளுக்குக் காசைக் கழிப்பார்களா என்று எழுத்தில் வாங்கு.

ஒரு மேசையைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், வருகிற வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் சொல்ல விருப்பமில்லை என்றால் அவர்களுக்கே எடுத்துச் சொல். நம்பரைப் பெரியம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.

அம்மா