எந்தக் கையில் ஊன்றி எழுவீர்கள் என்று கேட்டவருக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஒரு கால் போனது எப்படி என்று உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள், மீதிப் பேர் ரத்தம் வேண்டும் என்று குரூப் குரூப்பாகச் செய்தி போட்டவர்கள். அதனால் அந்த ராத்திரியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நான் மறுபடி வேலைக்கு வந்து இன்றோடு மூன்று மாதம். பதினேழு வருஷம் லாரி ஸ்டியரிங் பிடித்தவன், இப்போது அதே லாரி கம்பெனியில் வண்டி அனுப்புகிற மேஜையில் உட்கார்ந்து எந்த வண்டிக்கு எந்த லோடு, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ், சரக்கோடு போக வேண்டிய எந்த ஈ-வே பில்லுக்கு நேரம் முடியப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து இரண்டாவது டம்ளர் டீ குடித்தேன். இந்த மடல் அதற்காகத்தான்.

வேலைக்குத் திரும்பிய முதல் ஆறு வாரம் நான் ஆபீஸில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காலையில் வீட்டில் அரை டம்ளர் காபி, அதோடு சரி. முதலாளி நான் வருவதற்கு முன்பே வெஸ்டர்ன் டாய்லெட் மாற்றி வைத்திருந்தார், அந்த மனசை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அதில் உட்காரத்தான் முடிந்தது, எழ முடியவில்லை. மதியத்துக்கு மேல் காலின் மிச்சப் பகுதி வீங்கி, செயற்கைக் கால் கடிக்க ஆரம்பித்துவிடும், கழற்றி வைத்துவிட்டு வீல்சேரில்தான் இருப்பேன். ஒற்றைக் காலில் எழுந்து நிற்கப் பிடிமானம் என்று அங்கே இருந்தது ஒரு பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான், ஒருநாள் அதைப் பிடித்து எழப் போய் அது கையோடு வந்துவிட்டது. கதவு வேறு உள்பக்கமாகத் திறக்கும், வீல்சேர் உள்ளே போய்விட்டால் சாத்த முடியாது. கால் போன விஷயம் ஊருக்கே தெரியும், ஆனால் ஒன்றுக்குப் போக முடியவில்லை என்று வாய்திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. நீர்க்கடுப்பு வந்து இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தபோதுகூட வீட்டில் வெயில் சூடு என்றுதான் சொன்னேன்.

அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, ஆபீஸில் என்னோடு தினமும் இருந்தவர்களும் இல்லை. எங்கள் வண்டிகளுக்குப் பாடி கட்டுகிற பட்டறையின் வெல்டர் அண்ணன். நாமக்கல்லில் பாடி கட்டுகிற பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, அவரும் அப்படி ஒரு பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இரும்போடு கிடப்பவர். ஒரு வண்டியின் பில் பாக்கிக்காக ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் பையன் டீ கொண்டுவந்தான், மூன்று தடவையும் நான் வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து பின்பக்கம் டாய்லெட்டுக்குப் போனார், போனவர் வெளியே வர ரொம்ப நேரமானது. வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங் தம்பி, எந்தக் கைல ஊனி எந்திரிப்பீங்க?"

எனக்கு நடந்ததற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். எப்படி ஆச்சு, இன்சூரன்ஸ் வந்ததா, இனிமேல் என்ன பண்ணுவே, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள். எல்லாம் அக்கறையில் கேட்டவைதான். ஆனால் நான் எப்படி எழுகிறேன் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். வலது கை என்று சொன்னேன், சொல்லும்போதே தொண்டை அடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு, வெல்டிங் செட்டோடு வந்து நின்றார். என்னை வீட்டிலிருந்து வரச் சொல்லியிருந்தார். கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, "உக்காந்து எந்திரிங்க, கை எங்க போகுதோ அங்க கோடு போடுங்க" என்றார். போட்டேன். மறுபடி என்றார். மூன்று தடவை. மூன்று கோடும் ஒரே இடத்தில் இல்லை, அதில் கீழே இருந்த கோட்டைத்தான் எடுத்துக்கொண்டார், களைத்துப்போன நேரத்தில் கை அவ்வளவுதான் எட்டும் என்று விளக்கமும் சொன்னார். சுவர் ஹாலோ பிளாக், ஸ்குரூ போட்டால் நிற்காது என்று வெளிப்பக்கம் இரும்பு பிளேட் வைத்து, சுவரைத் துளைத்து போல்ட் போட்டு முடுக்கினார். சுவர்ப் பக்கம் ஒரு கைப்பிடி. வீல்சேர் வந்து நிற்கிற பக்கம் இன்னொன்று, அது மட்டும் மேலே மடங்கும், இல்லையென்றால் வீல்சேரிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து உட்கார முடியாதே. அதற்கு அவர் போட்டது லாரியின் பின்பக்கக் கதவுக்குப் போடுகிற கீலும் கொண்டியும். சைக்கிள் டியூபை ரிப்பன் மாதிரி வெட்டி, ஈரக் கை வழுக்காதபடி பைப்பில் இறுக்கிச் சுற்றினார். கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார். கடைசியில் இரண்டு கைப்பிடியிலும் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டார்.

அந்தப் பைப்பைப் பிடித்ததும் என் கைக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. கேபினில் ஏறும்போது கதவோரம் பிடிக்கிற கைப்பிடிப் பைப். பதினேழு வருஷம் விடியற்காலையிலும் நடுராத்திரியிலும் மழையிலும் பிடித்து ஏறிய அதே கனம். பிடித்தேன், எழுந்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

காசு எவ்வளவு என்று முதலாளி கேட்டதற்கு அவர் சொன்னது: "கைப்பிடி வெக்காம எந்த வண்டியாச்சும் எங்க பட்டறைய விட்டு வெளிய போயிருக்குதுங்களா?" அவ்வளவுதான். பழைய பில் பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணா, நீங்கள் இதையெல்லாம் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் மகளிடம் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நான் இப்போது தண்ணீர் குடிக்கிறேன்.

செயற்கைக் கால் பொருத்திய இடத்தில் ஒருவர் ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால் வந்த கதையைச் சொன்னார். 1968-ல் அதை உருவாக்கியதில் டாக்டர் பி.கே. சேத்தியோடு இருந்தவர் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞர், அதிகம் படிக்காதவர். சைக்கிள் பஞ்சராகி ரோட்டோரக் கடையில் நின்றபோது தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் போட்டு ரீட்ரேடிங் செய்வதைப் பார்த்துத்தான், ரப்பரில் பாதம் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வெல்டர் அண்ணன் ஞாபகம்தான்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதினால் இது முடியாது. ஆபீஸ் தரை யார்டிலிருந்து இரண்டரை அடி உயரம். முதலில் எட்டு அடி நீளத்துக்குச் சாய்தளம் கட்டினார்கள். லோடு வண்டியைத் தொப்பூர் கணவாயில் கீழே ஓட்டி இறக்கியவர்களுக்குச் சரிவு என்றால் என்னவென்று தெரியும், இது அதைவிடச் செங்குத்து, பின்னால் இரண்டு பேர் தள்ளாமல் ஏற முடியாது. பில்லிங்கில் இருக்கும் தங்கச்சிதான் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையைத் தேடி எடுத்து, ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அப்படியானால் குறைந்தது முப்பது அடி என்று கணக்குப் போட்டுக் காட்டியது. முப்பது அடி என்றால் யார்டில் ஒரு பெரிய வண்டி நிற்கிற இடம் முழுசாகப் போய்விடும். அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, இப்போது தினமும் ராத்திரி வெளியே ரோட்டோரம் நிறுத்தி வண்டியிலேயே படுக்கிற டிரைவர் தம்பிகளுக்கு என் நன்றி. சாய்தளம் கட்டிய கொத்தனாருக்கும், கட்டியதை இடித்து மறுபடி கட்டச் சொன்னபோது முகம் சுளிக்காததற்கு.

முதலாளிக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தைத் தங்கச்சி எனக்கும் படித்துக் காட்டியது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும், இதைக் கவனிக்க ஒரு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் அது தெரியாது, இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆனால் வேலையில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவது அரசு நிறுவனங்களை மட்டும்தான். இவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று, "உன் சீட்டு அப்படியேதான் இருக்குது, மெதுவா வா" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் என் வீட்டுக்காரி அந்த மாதங்களைத் தள்ளினாள்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். எங்கள் கோடவுனில் பிறவியிலேயே காது கேட்காத தம்பி ஒருவன் ஏழு வருஷமாக லோடு ஏற்றுகிறான். டிரைவராக இருந்த காலத்தில் ரிவர்ஸ் வரும்போது நான் அவனுக்கு ஹாரன் அடித்திருக்கிறேன், நகரவில்லை என்று ஜன்னலில் தலையை நீட்டித் திட்டியும் இருக்கிறேன். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்துதான். அவசரம், வேறென்ன. எப்போது எந்த வண்டி முதுகுக்குப் பின்னால் வருமோ என்று அவன் ஏழு வருஷம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மூட்டை தூக்கியிருக்கிறான், அது என் கண்ணில் பட எனக்குக் கால் போக வேண்டியிருந்தது. போன மாதம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எழுதிக் காட்டியும் கை ஜாடையிலும் கேட்டேன், உனக்கு எந்தப் பக்கம் பார்க்க வசதி என்று. அவன் எழுந்து போய்ச் சுவரில் கைவைத்துக் காட்டினான். அந்த இடத்தில் இப்போது ஒரு மஞ்சள் சுழல் விளக்கு இருக்கிறது. வண்டி ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் வாட்ச்மேன் சுவிட்சைப் போட வேண்டும், விளக்கு சுழலாமல் எந்த வண்டியும் பின்னால் வரக் கூடாது. என் மேஜையிலிருந்து அது தெரியும். நான் இந்த மேஜையில் இருக்கிறவரை அதை மீறி ஒரு வண்டியும் நகராது, இது நான் அவனுக்குக் கொடுத்த வாக்கு.

பரமத்தி ரோட்டில் ஒரு புக்கிங் ஆபீஸில் போலியோ பாதித்த கணக்குப்பிள்ளை அக்கா ஒருவர் இருக்கிறார். எங்கள் டாய்லெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, தயங்கித் தயங்கி எனக்குப் போன் செய்தார். வெல்டர் அண்ணனிடம் சொன்னேன், வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரும் போகிறோம். அக்காவிடம் நான் கேட்டு வைத்தது ஒன்றுதான், இடது கை என்று சொன்னார்.