கிரனைட் தட்டுக்கு மூன்று தாங்கல்

ஆசிரியருக்கு,

வள்ள எஞ்சின் திருத்துவோர், சிறு லேத் வைத்திருப்போர் என்று திருகோணமலையில் வீட்டுப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. நுண்ணளவு காட்டும் டயல் கேஜுக்கும், அளவெடுக்க மட்டமான பரப்பாகப் பயன்படும் கிரனைட் கல் தட்டுக்கும் பணத்தைக் கொட்டுபவர்கள், அந்தத் தட்டைப் பழைய மரமேசையில் நாலு றப்பர்த் துண்டின்மேல் வைத்துவிடுகிறார்கள். காலையில் ஓர் அளவு, மாலையில் இன்னோர் அளவு. பழியோ கேஜின் தலையில்.

அடுப்புக்கல் மூன்றென்றால் பானை ஆடாது. நாலாவதை வைத்தால் ஏதோ ஒன்று பாரம் தாங்காமல் சும்மா நிற்கும். தட்டும் அப்படித்தான்: எந்தத் தாங்கலில் எவ்வளவு பாரம் என்பது மாற மாற, கல் மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் முறுகும். 3 அங்குலக் கல் வளையுமா என்பார்கள். வளையும்.

18 × 12 × 3 அங்குலத் தட்டு ஏறத்தாழ 30 கிலோ. ஒரு முனையில் இரண்டு தாங்கல், மறுமுனையில் நடுவே ஒன்று. மூன்றும் அந்தந்த முனையிலிருந்து 90 மி.மீ. உள்ளே, இரட்டைத் தாங்கல்கள் பக்க விளிம்பிலிருந்து 60 மி.மீ. உள்ளே. தயாரித்தவர்களே அடியில் மூன்று ஒட்டியிருந்தால் அவற்றைத் தொடாதீர்கள், ஸ்டாண்டை அதற்கேற்பச் செய்யுங்கள். செருப்பு றப்பர் நாளாக நாளாக அமிழும், 6 மி.மீ. கடின நியோப்பிரீனை (செயற்கை றப்பர்) 25 மி.மீ. வட்டமாக வெட்டிப் போடுங்கள். ஒற்றைத் தாங்கலின் இருபுறமும், கல்லைத் தொடாமல் 1 மி.மீ. தாழ்வாக, ஒவ்வொரு போல்ற் வேண்டும். ஓரத்தில் பாரம் வைத்தால் கல் கவிழாது.

ஸ்டாண்டுக்கு 50 × 50 × 3 மி.மீ. பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) 20 அடி ஒன்று போதும்: 30 அங்குலக் கால் நான்கு, 24 × 18 அங்குல மேற்சட்டம், நடுவுக்கு நடு ஏறத்தாழ 277 மி.மீ. இடைவெளியில் 14 அங்குலக் குறுக்குச் சட்டம் இரண்டு. கீழ்ச்சுற்றுக்கு 40 மி.மீ. அங்கிள் (L வடிவ இரும்பு). எல்லா மூட்டையும் முதலில் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று அளந்து, எதிரெதிர் மூலைகளாக வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டினால் சட்டம் இழுத்துக்கொள்ளும்.

கால்களுக்குள் மணல் நிரப்பினால் அதிர்வு அடங்கும். நான்குக்கும் ஏறத்தாழ 6 லீற்றர் பிடிக்கும். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு உள்ளிருந்தே அரித்துவிடும். ஆற்று மணலை வறுத்து ஆறவிட்டு, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே போட்டு, பிளாஸ்டிக் மூடியால் அடையுங்கள். ஈர மணலை உள்ளே வைத்து மூடி வெல்டிங் செய்தால் நீராவி வெடிக்கும்.

காலடிக்கு எம்12 போல்ற். ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. உயரும். மூன்றால் மட்டம் பிடித்து, நாலாவதைத் தரையில் பட்டும் படாமலும் இறுக்குங்கள். தட்டிப் பார்த்து வெற்றோசை கேட்கும் டைல்ஸ்மேல் நிறுத்த வேண்டாம்.

யன்னல் வெயில் ஒருபுறம் விழுந்தால் கல்லின் மேற்பரப்பு விரிந்து நடு உயரும். ஈரத்துணியால் துடைத்தாலும் மேற்பரப்பு குளிர்ந்து அளவு பிசகும். ஒரு மணி நேரமாவது விட்டு அளவெடுங்கள். இங்கத்தைய கடற்காற்றுக்கு ரெட் ஒக்சைட் இரண்டு பூச்சு, போல்ற்றுகளுக்குக் கிறீஸ்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.