அடுத்த குறளையும் படித்திருக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அரசியல் அறிவியல் கல்வி பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. "களத்தில் இருப்பவர்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் பல்கலைக்கழகம் பயிற்சிப் பட்டறையாகத் தேய்ந்துவிடும்" என்று அதில் ஒரு வரி. கட்டுரையில் மற்றதெல்லாம் நல்ல விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரியை உங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர்கூட நிறுத்திக் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு மசோதா எத்தனை மேசைகளைத் தாண்டிச் சட்டமாகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கட்டுரை 'மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு' என்ற குறளோடு தொடங்குகிறது. அது 636வது குறள்; இயல்பான அறிவோடு நூலறிவும் உள்ளவர் முன் எந்த நுட்பமான சூழ்ச்சியும் நிற்காது என்கிறது. அடுத்ததையும் படித்திருக்கலாம்: 'செயற்கை அறிந்தக் கடைத்தும் உலகத்து இயற்கை அறிந்து செயல்.' நூல் வழியாகச் செய்யும் முறை தெரிந்திருந்தாலும் உலக நடப்பை அறிந்து செய் என்கிறார். இரண்டும் அமைச்சு அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்பவை. பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

நான் அரசியல் அறிவியலில் முதுகலை முடித்த கையோடு ஒரு மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தவள். அங்கே 11 வருடம் இருந்தேன். சேர்ந்த முதல் வாரமே, மறுநாள் காலை குழுக் கூட்டத்துக்கு ஒரு மசோதா பற்றிக் குறிப்பு வேண்டும் என்றார்கள். 14 பக்கம் எழுதினேன். அதிகாரப் பிரிவினை, அந்தக் கோட்பாட்டை எழுதிய பிரெஞ்சு அறிஞர் மான்டெஸ்கியூ, எல்லாம் இருந்தது. உறுப்பினர் முதல் பக்கத்தைப் படித்தார், கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், "இதுல நாளைக்கு நான் என்ன கேக்கணும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு அலுவலகத்தில் இருந்த மூத்த எழுத்தர் அக்கா, பட்டம் எதுவும் வாங்காதவர், மசோதாவை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் ஒரே ஒரு வரியின் கீழே கோடு போட்டார். 'அரசு அவ்வப்போது வகுக்கும் விதிகளின்படி' என்ற வரி. "அதிகாரம் பூரா இங்கதாம்மா உக்காந்திருக்கு. விதியை யார் எழுதுவாங்க, அதை அவைக்கு முன்னால வைப்பாங்களா, எத்தனை நாளுக்குள்ள வைப்பாங்க, இதைக் கேக்கச் சொல்லு" என்றார். மூன்று கேள்விகள், அரைப் பக்கம். மறுநாள் குழு அந்த இரண்டாவது கேள்வியிலேயே 40 நிமிடம் நின்றது.

சட்டத்தின் விவரங்களை விதிகளாக எழுதும் அதிகாரத்தை அவை அரசிடம் விட்டுவிடுவது; ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் என்று அதற்குப் பாடத்தில் பெயர். நான் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதி ஒன்பது வாங்கிய கேள்வி. கண் முன்னால் அது ஒரு வரியாகக் கிடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று இரவுதான் படித்தது எனக்குப் புரிந்தது. இதற்குப் பெயர் பயிற்சிப் பட்டறை என்றால், அந்தப் பட்டறை இல்லாமல் என் பட்டம் பாதிதான்.

அப்புறம், இந்த அலட்சியம் அந்தக் கட்டுரையோடு தொடங்கியது அல்ல. ஒரு பல்கலைக்கழகத்தில் என்னை விருந்தினர் உரைக்கு அழைத்தார்கள். கடைசி மணி நேரம், வருகைப் பதிவு கிடையாது, பாதி இருக்கை காலி. பருவம் முழுக்க ஒரே மசோதாவை எடுத்துக்கொண்டு மாணவர்களே பிரிவு பிரிவாகக் குறிப்பு எழுதி, திருத்தம் தயாரித்து, குழுவாக உட்கார்ந்து விவாதிக்கும் ஒரு பாடத்திட்டத்தை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் ஒரே கேள்வி: "இதற்குக் கேள்வித்தாள் எப்படி அமைப்பது?" எனக்குத் தெரிந்த ஒரு மாணவி ஆறு வாரம் களப்பயிற்சி என்று போய் நகலெடுத்துவிட்டு வந்தாள். அங்கே என்ன கற்றுக்கொண்டாய் என்று துறையில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. இந்தப் பக்கமும் சரியில்லை. "படிச்சதை வெளியில வச்சுட்டு உள்ளே வா" என்று புதிதாக வருகிற பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லும் அலுவலகங்களையும் பார்த்துவிட்டேன். அதற்கும் இதே கோபம்தான்.

கட்டுரையாளர் மாக்கியவெல்லியைச் சிந்தனையாளர் என்று மட்டும் குறிப்பிடுகிறார். அந்த மனிதர் 1498 முதல் 1512 வரை ஃப்ளாரன்ஸ் அரசில் செயலராக வேலை பார்த்து, தூது போய், பதவி பறிபோன பிறகு உட்கார்ந்து எழுதியவர். பிரான்ஸ் போரில் தோற்ற பிறகு 1872இல் எமில் பூட்மி பாரிஸில் தொடங்கிய அரசியல் பள்ளியில் பேராசிரியர்களோடு அரசு அதிகாரிகளும் வகுப்பெடுத்தார்கள். அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் 1953இலிருந்தே ஆய்வாளர்களையும் பத்திரிகையாளர்களையும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுடைய அலுவலகங்களில் உட்காரவைத்து வேலை செய்யவைக்கிறது. அவர்களுடைய பல்கலைக்கழகம் எதுவும் இதனால் தேய்ந்துவிடவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். மாதாமாதம் அரசியல் மாணவர்களுக்கு என்று நீங்கள் போடும் நூல் பட்டியலில் இனி ஒரு குழு அறிக்கையையும் ஒரு மசோதாவின் மூலவடிவத்தையும் சேருங்கள். எந்தப் பக்கத்தில் எந்தப் பிரிவைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்க நான் தயார். கட்டுரையாளரிடமும் இந்தக் கடிதத்தைத் தவறாமல் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி