மைக்கேல் மெக்டவல் தனியாக வாழவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் மைக்கேல் மெக்டவல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவர் பெயரைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்ததே எனக்கு சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில், 'இறுதிவரை மணமுடிக்காமல் தனியாகவே வாழ்ந்து, நீண்ட நோய்க்குப் பின் மறைந்தார்' என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

அவர் தனியாக வாழவில்லை. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. லாரன்ஸ் செனலிக் என்ற நாடக வரலாற்று அறிஞரோடு ஏறக்குறைய 30 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர் அவர். செனலிக் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், ரஷ்ய எழுத்தாளர் செக்கோவின் நாடகங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். அப்புறம், அந்த 'நீண்ட நோய்' எய்ட்ஸ். 1999 டிசம்பர் 27 அன்று பாஸ்டனில் மெக்டவல் இறந்தபோது அவருக்கு வயது 49. இதையெல்லாம் எழுதினால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தீர்களா? நானும் உங்கள் வாசகிதான். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உங்கள் பத்திரிகை வருகிறது.

மெக்டவலின் முனைவர் பட்ட ஆய்வே சாவைப் பற்றியதுதான். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கர்கள் மரணத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று ஆராய்ந்து 1978-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். இறந்தவர்களின் புகைப்படங்கள், துக்க நகைகள், குழந்தைகளின் சவப்பெட்டித் தகடுகள் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்தார். செத்துப்போனவரை இருப்பவர்கள் எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்பதிலேயே மூழ்கிக் கிடந்த மனிதர். அவருக்குப் போய் ஒரு பொய்யான அஞ்சலியா?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெரிய அண்ணனும் 'மணமுடிக்காதவர்'தான். சென்னையில் ஒருவரோடு ஒரே வீட்டில், ஒரே சமையலில், இருவருக்கும் தலை நரைக்கும் வரை வாழ்ந்தார். அண்ணன் படுத்த படுக்கையானபோது மலஜலம் எடுத்துப்போட்டது கூட வாழ்ந்த அந்த மனிதர்தான், கூடப்பிறந்த நாங்கள் யாரும் இல்லை. காலமானார் விளம்பரம் கொடுக்கும்போது அமெரிக்காவில் இருக்கும் கொள்ளுப்பேரன் முறைக்காரன் பெயர் வரைக்கும் போட்டார்கள். அவர் பெயரையும் சேருங்கள் என்று நான் கேட்டேன். "உறவுமுறைன்னு என்னம்மா போடறது?" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். நாளிதழ் அலுவலகத்தில் விளம்பரம் வாங்கிக்கொண்டவரும் அதையேதான் கேட்டார். நண்பர் என்றாவது போடுங்கள் என்றேன், அதுவும் முடியாது என்றுவிட்டார்கள். மறுநாள் அந்தப் பேப்பரை வாங்கி அவர் தன் பெயரைத் தேடியிருப்பார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. 'தனியாகவே வாழ்ந்தார்' என்ற மூன்று நொடி வரி ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும் ஐயா.

கட்டுரையின் மற்ற பகுதியிலும் இதே கைதான் தெரிகிறது. பாதி இடத்தை அவர் திரைக்கதையில் பங்கெடுத்த 'பீட்டில்ஜூஸ்' என்ற ஹாலிவுட் படத்துக்கே கொடுத்துவிட்டீர்கள். டென்னிஸ் ஷூட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து, நேதன் ஆல்டைன் என்ற புனைபெயரில் அவர் எழுதிய நான்கு துப்பறியும் நாவல்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 1980-இல் வந்த 'வெர்மிலியன்' முதல் 1986-இல் வந்த 'கேனரி' வரை அந்த வரிசையில் துப்புத் துலக்குவது டேனியல் வாலண்டைன் என்ற மதுக்கூடப் பணியாளரும் அவருடைய தோழி கிளாரிசும். வாலண்டைன் ஆண்களை நேசிப்பவர், அதை யாரிடமும் மறைக்காதவர். 'வெர்மிலியன்' கதையில், தன்பாலீர்ப்பாளர்களை எதிர்க்கும் ஒரு அரசியல்வாதி வீட்டுப் புல்தரையில் உடலை விற்றுப் பிழைத்த ஒரு பையனின் பிணம் கிடக்கிறது. அந்தப் பையனுக்காகக் கவலைப்பட ஓர் ஆள் வேண்டுமே, அதற்குத்தான் வாலண்டைன்.

அவருடைய 'பிளாக்வாட்டர்' நாவல் வரிசை பற்றி எழுதியதிலும் ஆற்றில் வாழும் பேயை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். 1983 ஜனவரி தொடங்கி ஜூன் வரை, நம் மாத நாவல்போல மாதம் ஒன்றாக ஆறு புத்தகங்கள் வந்தன. அலபாமாவில் பெர்டிடோ என்ற ஊர், 1919 வெள்ளம், காஸ்கி குடும்பம். அந்தக் குடும்பத்தில் கிரேஸ், லூசில் என்று இரண்டு பெண்கள் ஜோடியாகப் பண்ணை வீட்டில் வாழ்கிறார்கள், ஒரு பிள்ளையையும் வளர்க்கிறார்கள். குடும்பத்தில் யாரும் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. ரத்தமும் சேறுமாகப் போகும் கதைக்குள் அப்படி ஒரு வீட்டைக் கட்டி வைத்திருக்கிறார் மனிதர். நான் திரும்பத் திரும்பப் படிப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

இதுவும் முதல் தடவை இல்லை. சில வருடங்களுக்கு முன் ஜோசப் ஹேன்சன் என்ற அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் பற்றி உங்களுக்கு ஒரு கட்டுரை அனுப்பினேன். அவருடைய கதாநாயகன் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் காப்பீட்டுக் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரிக்கும் தன்பாலீர்ப்பாளர். 1970-இல் 'ஃபேட்அவுட்' நாவலில் தொடங்கி 1991 வரை பன்னிரண்டு நாவல்கள் வந்தன. துப்பறியும் கதை படிக்கிறவர்கள் ஒதுக்கிவிட முடியாத ஆள். உங்கள் அலுவலகத்திலிருந்து பேசியவர், "நம்மளது குடும்பப் பத்திரிகைம்மா" என்றார். அதே மாதம் உங்கள் தொடர்கதையில் மாமியாரை விஷம் வைத்துக் கொன்றார்கள். அது குடும்பத்துக்கு ஆகும், ஹேன்சன் ஆகமாட்டாரா? பிறகு நான் எழுதிய கடிதத்தையும் பாதியாக வெட்டிப் போட்டீர்கள். சந்தா ஏறிக்கொண்டே போகிறது, வாசகர் பக்கமோ அரைப் பக்கமாகச் சுருங்கிவிட்டது.

மெக்டவல் தன்னை வணிக எழுத்தாளன் என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டவர், அடுத்த மாதம் கடைக்கு வரும் புத்தகத்தைத்தான் எழுதுகிறேன் என்றவர். அவரை இலக்கிய மேதையாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அவர் லாரன்ஸ் செனலிக்கோடு வாழ்ந்தார் என்று பெயரைப் போட்டு எழுதுங்கள். இடம் போதாதென்றால் என் கடிதத்தில் மற்றதை எல்லாம் வெட்டிவிட்டு அந்தப் பெயரை மட்டுமாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்