உண்ணிச்செடியை என்ன செய்வது?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது. என் முழங்கால் வலிதான் போகிற வழியாக இல்லை. அதை விடு.

வேலியோரம் தானாக முளைத்த உண்ணிச்செடியை எடுப்பதா, விடுவதா என்று கேட்டிருக்கிறாய். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் ரோஸ் இருக்கிறதல்லவா? நடுவில் இருப்பவை புதிதாக விரிந்தவை. மகரந்தச் சேர்க்கை ஆனதும் நிறம் மாறிவிடும். பட்டாம்பூச்சிகள் தேன் இருக்கும் மஞ்சளைப் பார்த்துத்தான் உட்காரும். வெயில் ஏறுமுன் பக்கத்தில் நின்று பார், நன்றாகத் தெரியும்.

இந்த நிறத்துக்கு மயங்கித்தான் அமெரிக்க வெப்பமண்டலச் செடியை ஐரோப்பியர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய் நட்டார்கள். 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. இன்று இந்தியக் காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது. கறுத்த பழத்தைத் தின்று விதையைப் பரப்பும் வேலையைப் பறவைகள் பார்த்துக்கொண்டன. ஹவாயில் 1902இலேயே மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்து, தின்று அழிக்கட்டும் என்று இதன்மேல் விட்டார்கள். மழை குறைந்த பகுதிகளில் செடி கொஞ்சம் அடங்கியது, ஆனால் ஒழியவில்லை.

அதனால் என் பதில், எடுத்துவிடு. உன் வீட்டில் ஆடு வேறு இருக்கிறது. இலையைத் தின்றால் கல்லீரல் கெடும். அப்புறம் வெயில் படும் இடமெல்லாம் தோல் வெந்து புண்ணாகும். பசியில் இருக்கும் ஆடு நல்ல இலையா, கெட்ட இலையா என்று பார்க்காது.

அரிவாளால் மேலாக வெட்டிப் போட்டுவிடாதே. அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் அதே கதைதான். மழை பெய்து மண் இளகட்டும். தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே வேரை வெட்டி, தூரோடு தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடு. வேர்ப்பக்கம் மண்ணைத் தொடாமல் வெயிலில் காய்ந்துவிடும். பழம் பழுக்குமுன் செய்வது நல்லது. தண்டில் வளைந்த முள் உண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்.

வெட்டிய இடத்தை வெறுமனே விடாதே. வெளிச்சம் பட்டதும் பழைய விதைகள் முளைக்கும். உடனே புல்லோ வேறு செடியோ போடு. ஒரு வருஷத்துக்கு நாற்றுகளைக் கண்ணில் பட்டதும் பிடுங்கு.

சரி, மகளின் புது முகவரியை அனுப்பு, வாழ்த்து எழுத வேண்டும்.

உன்,
ரகு