பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டுவிட்டன. காலாண்டைவிட மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் வீடுகளில், இன்னொரு டியூஷன் சேர்க்கலாமா என்ற பேச்சு இந்நேரம் எழுந்திருக்கும். அந்த முடிவை எடுக்கும் முன் இக்கடிதத்தைப் படித்துவிடுமாறு வேண்டுகிறேன்.

மதிப்பெண் குறைந்தவர்களில் பலர் உழைத்துக் களைத்தவர்கள். நன்கு தெரிந்த கணக்கையே பாதியில் விட்டுவிடுவதும், ஆசிரியர் அறைவரை வந்து சந்தேகம் கேட்டவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுவதும், "எழுதி என்ன ஆகப்போகிறது" என்று சொல்லத் தொடங்குவதும் சோம்பலின் அடையாளங்களாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகுதல், தன்னால் இயலவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் பணிச்சோர்வின் கூறுகளாக உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு குறிப்பிட்டது. அந்த வரையறை வேலைக்குச் செல்வோருக்கு உரியது என்றாலும், பின்லாந்தின் உளவியலாளர் கத்தாரினா சல்மெலா-ஆரோவும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ இதே மூன்று கூறுகளைக் கொண்டுதான் மாணவர்களின் பள்ளிச் சோர்வையும் அளக்கின்றனர். காலையில் சிறப்பு வகுப்பு, பகலில் பள்ளி, மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை நீட் பயிற்சி என்று ஓடும் ஒரு பிள்ளையின் வாரம், நம்மில் பலருடைய வேலை வாரத்தைவிட நீளமானது.

இந்த ஓட்டத்தில் முதலில் பறிபோவது தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரப்பதால், பத்து மணிக்குத் தூக்கம் வராத பிள்ளையை நாலரை மணிக்கு எழுப்பும்போது அவன் இழப்பது ஓய்வை மட்டுமன்று. படித்தது நினைவில் உறுதிப்படுவதும் பெரும்பாலும் உறக்கத்தில்தான் நிகழ்கிறது. ஆகவே காலைச் சிறப்பு வகுப்புகளைத் திங்கட்கிழமை முதல் நிறுத்துகிறோம். அந்த நேரத்தை வேறொரு வகுப்புக்குக் கொடுத்துவிடாமல் தூக்கத்துக்கே விட்டுவையுங்கள்.

ஆர்வத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தானே தேர்ந்தெடுத்தோம், தன்னால் முடியும், தன்னை மதிப்பவர்கள் அருகில் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வுகளும் இருக்கும் இடத்தில்தான் ஊக்கம் நிலைக்கிறது என்று உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் விளக்கினர். அத்தை மகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிடும் ஒரு வாக்கியம் இவை மூன்றையுமே தளர்த்திவிடக்கூடும். பொதுத்தேர்வில் மாநில அளவிலான தரவரிசையை வெளியிடுவதைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. வீட்டுக்குள் அந்தப் பட்டியல் இன்னும் தொடர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பிள்ளை தொடர்ந்து உண்ணாமல், உறங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு சொல் சொன்னாலோ, தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ உடனே பேசுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நடைபெறும் பெற்றோர் கூட்டத்துக்குப் பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். திருப்புதல் தேர்வுக்கான படிப்பு அட்டவணையை ஒவ்வொருவரும் தாமே எழுதிக் கொண்டுவருவார்கள். அதை இடைமறிக்காமல் முழுவதும் கேட்ட பிறகு, உங்கள் கருத்தைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்