ஐயா வீட்டு மேல்மாடி மரத்தளத் திருப்பணி: நிறைவு அறிக்கை

பங்காளிகள் அனைவருக்கும் வணக்கம்.

தை மாதம் தொடங்கிய மேல்மாடி வேலை ஆனி கடைசியில் முடிந்தது. 720 சதுர அடித் தளத்தில் 530 சதுர அடி நம் ஐயாக்கள் (முன்னோர்) போட்ட அதே தேக்குப் பலகைகள். 190 சதுர அடிக்கு மட்டும் வேறு மரம் சேர்த்திருக்கிறோம்.

பலகை உளுத்ததற்கு மூல காரணம் கூரை. ஈசானிய மூலையில் ஓடு விலகி, மழைத் தண்ணீர் பல வருடம் இறங்கியிருக்கிறது. அதனால் முதலில் கூரை ஓடுகளை மாற்றி, ஒரு கோடை மழை பார்த்து, சொட்டு விழவில்லை என்று உறுதியான பிறகுதான் தளத்தில் கை வைத்தோம்.

"டைல்ஸ் போட்டுவிடலாமே" என்று பலர் கேட்டீர்கள். கீழே தாங்குவது மரச்சட்டங்கள். கலவையும் டைல்ஸும் சேர்ந்தால் சதுர அடிக்குப் பத்து கிலோவுக்கு மேல் சுமை ஏறும்; ஒரு அங்குலத் தேக்குப் பலகை ஒன்றரை கிலோதான். கலவையின் ஈரமும் சட்டத்துக்கு ஆகாது. பிளைவுட் மேல் மெல்லிய தேக்கு ஒட்டிய பலகையும் பார்த்தோம். அதை ஒன்றிரண்டு முறைக்கு மேல் இழைக்க முடியாது என்பதால் விட்டுவிட்டோம்.

மரம் தேடியதுதான் பெரிய வேலை. 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியபின், ஐயாக்கள் கொண்டுவந்த மாதிரி பர்மா தேக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஒரு மரக்கடையில் வாங்கிய தோட்டத் தேக்கில் வெளுத்த ஓரம் அதிகம். வண்டு துளைப்பது அந்த ஓரத்தைத்தான். நம் பழைய பலகையில் ஈரம் 11 சதவீதம் காட்டிய கருவி, அதில் 19 காட்டியது. அப்படியே அடித்திருந்தால் அடுத்த கோடையில் சுருங்கி, பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கும். முழு லோடையும் திருப்பி அனுப்பினோம். ஒரு மாதம் தள்ளிப்போனது, அதற்காக வருத்தப்படவில்லை.

அப்புறம் காரைக்குடியில் பழைய மரக்கடைகளுக்குப் போனோம். இடித்த வீட்டு உத்திரங்கள், வைரம் பாய்ந்த கட்டை. எந்த ஐயா கட்டிய வீடோ தெரியாது. அறுத்தபோது வந்த தேக்கு வாசனை நம் வளவு (உள்முற்றம்) முழுக்க நின்றது. நம் வீடும் இப்படிக் கடைத்தெருவுக்குப் போய்விடக் கூடாது என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் அன்றைக்கு இன்னும் உறுதியானது.

ஆணிகளைப் பிடுங்கி, அறுத்து, மேல்மாடியிலேயே பலகைகளுக்கு இடையில் காற்றுப் போகக் குச்சி கொடுத்து அடுக்கி மூன்று வாரம் வைத்தோம். அந்த அறையின் காற்றுக்கு மரம் பழக வேண்டும். அடிப்பக்கம் கறையான் மருந்து அடித்து, காடி வெட்டி ஒன்றோடொன்று கோத்தார்கள். மரம் நீளத்தில் அதிகம் அசையாது, அகலத்தில்தான் விரியும். அதற்காகச் சுவரோரம் அரை அங்குலம் விட்டு, மேலே பட்டி அடித்திருக்கிறது. அந்த இடைவெளியில் யாரும் சிமெண்ட் பூச வேண்டாம்.

பளபளக்கும் வார்னிஷ் அடிக்கவில்லை. அது உரிந்தால் முழுத் தளத்தையும் தேய்க்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்தால், கீறிய இடத்தை மட்டும் சரிசெய்யலாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும்.

வரவு: 65 புள்ளிகள் (மணமான குடும்பங்கள்), புள்ளிக்கு 5,000 வீதம் 3,25,000 ரூபாய். செலவு: மரம் 21 கன அடி 84,000; கூலி 1,36,000; கூரை 58,400; மருந்து, ஆணி, எண்ணெய், மெழுகு 21,500; வண்டி மற்றும் சில்லறை 12,500. ஆக 3,12,400. மீதி 12,600 ரூபாய் வங்கிக் கணக்கில் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் ஓடு பார்க்க அதை எடுப்போம். ரசீதுகள் முகப்பு அலமாரியில் உள்ளன.

மேல்மாடியை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், பிழிந்த துணி போதும். விசேஷத்துக்கு வருகிறவர்கள் குத்துவிளக்கின் அடியில் தாம்பாளம் வைத்து ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்